கண்டல் மரத்துக்கு முடிவது நமக்கு ஏன் முடியவில்லை?

ராமநாதபுரம் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து இந்தக் கேள்வி வந்திருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: வீட்டுக் கிணற்றில் டி.டி.எஸ். மீட்டர் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) 3,800 காட்டுகிறது, தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் கண்டல் மரங்கள் உப்புநீரில் நின்றபடியே வளர்கின்றன, கடற்புறா கடல்நீரையே குடிக்கிறது. அவற்றுக்கு மோட்டாரும் இல்லை, கரன்ட் பில்லும் இல்லை. நாம் மட்டும் ஏன் இவ்வளவு மின்சாரத்தைக் கொட்டிக் கடல்நீரைக் குடிநீராக்குகிறோம்? முருங்கை விதை, தேற்றாங்கொட்டை, வெட்டிவேர் என்று ஏதாவது போட்டோ, கிணற்றைச் சுற்றிக் கண்டல் மரம் நட்டோ இந்த உப்பை எடுக்க வழியில்லையா?

இயற்கைக்கு ஏதோ ஓர் இலவச வழி தெரிந்திருக்கிறது, நாம்தான் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமா என்பதுதான் உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் வேதியியல் படித்துவிட்டுப் பதினாறு வருடம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் மெம்பிரேன் பிரிவில் (உப்பை நிறுத்திவிட்டு நீரை மட்டும் விடும் சவ்வு) வேலை பார்த்தேன். அப்புறம் பத்து வருடமாகக் கிராமக் குடிநீர் வேலைகளில் இருக்கிறேன். மரம், பறவை பற்றி நான் சொல்லப்போவது படித்துத் தெரிந்துகொண்டது. மெம்பிரேன், மணல், கிணறு பற்றிச் சொல்வது கையால் செய்து தெரிந்துகொண்டது. இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்ல மாட்டேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். தண்ணீர் கலங்கியிருப்பது ஒரு கோளாறு, அதில் கிருமி இருப்பது இன்னொரு கோளாறு, உப்பாக இருப்பது மூன்றாவது. நாம் மூன்றையும் சேர்த்து 'கெட்ட தண்ணி' என்று சொல்லிவிடுவதால்தான் முருங்கை விதையைப் பற்றி இவ்வளவு குழப்பம். கலங்கலும் கிருமியும் தண்ணீரில் மிதக்கும் துகள்கள். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அவை தண்ணீரிலிருந்து தனியாகத்தான் இருக்கின்றன. உப்பு அப்படியில்லை. அது கரைந்து, சோடியமாகவும் குளோரைடாகவும் பிரிந்து, ஒவ்வொன்றையும் தண்ணீர் மூலக்கூறுகள் நெருக்கமாகச் சூழ்ந்து பிடித்திருக்கும் நிலையில் இருக்கிறது. துகளை வடிகட்டலாம், படியவைக்கலாம். கரைந்த உப்பை எடுக்க அந்தப் பிடியை எதிர்த்து வேலை செய்தாக வேண்டும்.

முருங்கை விதை செய்வது முதல் வேலையை. சேற்றுத் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அடியில் படியாமல் நாள்கணக்கில் மிதக்கும். முருங்கை விதையில் இருக்கும் ஒரு புரதத்துக்கு நேர்மின்னூட்டம். அது துகள்களை ஒட்டவைத்துத் திரளாக்கிக் கீழே இறக்குகிறது. சூடானில் நைல் ஆற்றோரப் பெண்கள் இதை நெடுங்காலமாகச் செய்துவந்திருக்கிறார்கள். நம் ஊரில் இதே வேலையைத் தேற்றாங்கொட்டை செய்தது. பானையின் உள்பக்கத்தில் கொட்டையைத் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். கலங்கிய நீர் அதனால் தெளிவது சங்கப் பாட்டிலேயே உவமையாக வந்திருக்கிறது.

இதை நானே பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். மரத்திலேயே காய்ந்து வெடிக்கும் பருவத்து நெற்றிலிருந்து விதை எடுத்து, இறக்கையையும் மேல்தோட்டையும் நீக்கிவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பை அம்மியில் நுணுக்கிக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். பால்போல வரும். அதைக் கலங்கல் நீரில் ஊற்றி ஒரு நிமிடம் வேகமாகவும் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகவும் கிண்டினால், ஐந்தாவது நிமிடத்திலிருந்தே தண்ணீருக்குள் பஞ்சுப் பிசிறுபோலச் சின்னச் சின்னக் கட்டிகள் சேர்வது கண்ணுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் அடியில் சேறு, மேலே தெளிநீர். சேற்றோடு பெரும்பகுதிக் கிருமியும் இறங்கிவிடும். ஆனால் மீதமுள்ள கிருமிக்கு விதையின் மற்ற சத்துகளே தீனியாகிவிடுவதால் அந்தத் தண்ணீரை ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, குடிக்குமுன் கொதிக்கவைப்பது நல்லது. டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்கள், முன்னால் 3,800 என்றால் பின்னாலும் 3,800தான். உங்கள் கிணற்று நீர் ஏற்கெனவே தெளிவாக இருப்பதால் முருங்கைக்கு அங்கே வேலையே இல்லை.

வெட்டிவேரும் அப்படித்தான். மணம் தரும், பானை நீரைக் குடிக்க இதமாக்கும், உப்பைத் தொடாது. உமரி மாதிரி உப்பை உடம்பில் சேர்த்துவைக்கும் செடிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உங்கள் கிணற்று நீர் ஆயிரம் லிட்டரில் 3.8 கிலோ உப்பு இருக்கிறது. நாளுக்கு ஆயிரம் லிட்டர் எடுத்தால் மாதத்துக்கு 114 கிலோ. அவ்வளவு உப்பையும் செடி உறிஞ்ச வேண்டும், அதை நீங்கள் அறுத்துத் தூரமாகக் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதைவிட முக்கியம், உப்போடு சேர்த்துத் தண்ணீரையும் செடி குடித்துவிடும்.

இரண்டாவது கோளாறான கிருமிக்கு இயற்கை தந்த வழி இருக்கிறதே, அதற்கு இணையாக எதையும் நான் பார்த்ததில்லை. மணல்தான். 1829-இல் ஜேம்ஸ் சிம்ப்சன் லண்டனில் தேம்ஸ் ஆற்று நீருக்கு மெது மணல் வடிகட்டி கட்டினார். ஆற்றங்கரை மணல் செய்வதைத்தான் ஒரு தொட்டிக்குள் செய்தார். மணலின் மேற்பரப்பில் இரண்டு மூன்று வாரத்தில் பாக்டீரியா, பாசி, நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்த வழவழப்பான ஓர் உயிர்ப்படலம் உருவாகும். வடிகட்டுவது மணல் என்பதைவிட அந்தப் படலம் என்பதுதான் சரி. கிருமியை அது பிடிக்கிறது, தின்றும் விடுகிறது. 1892-இல் ஹாம்பர்க் நகரத்தில் காலரா வந்து 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனா ஊர் பெரும்பாலும் தப்பித்தது. இரண்டு ஊருக்கும் எல்பே ஆற்று நீர்தான். ஆல்டோனா அதை மணலில் வடிகட்டியது, ஹாம்பர்க் வடிகட்டவில்லை. கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக் இதை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் பலருக்கு மணலின் அருமை புரிந்தது. ஒரு சதுர மீட்டர் மணல் மணிக்கு நூறு லிட்டருக்கு மேல் தரும். மின்சாரம் வேண்டாம். ஊருணிப் பக்கத்தில் மணல் நிரப்பிய வாய்க்கால் வழியாக நீர் கசிந்து வரும்படி கிணறு வெட்டும் முறையும் இதே தத்துவம்தான். உங்கள் ஊரில் ஊருணி இருந்தால் இதை மனத்தில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

மரக்கட்டையே வடிகட்டி ஆவதும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரோஹித் கார்னிக் குழு 2014-இல் பைன் மரத்தின் வெள்ளைக்கட்டைத் துண்டு ஒன்றைக் குழாயில் பொருத்தித் தண்ணீர் விட்டு, 99 சதவீதத்துக்கு மேல் பாக்டீரியாவைத் தடுக்க முடிந்ததைக் காட்டினார்கள். பைன் போன்ற ஊசியிலை மரங்களின் நீர்க்குழல்கள் குட்டையானவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் நுண்சவ்வு உண்டு. வேம்பு, புளி போன்றவற்றின் குழல்கள் நீளமானவை என்பதால் அவற்றில் அவ்வளவு நன்றாக வராது. இதுவும் உப்பை எடுக்காது.

சரி, உப்புக்கு வருவோம். நன்னீரும் கடல்நீரும் ஒரு சவ்வின் இரு பக்கமும் இருந்தால் நன்னீர்தான் கடல்நீர்ப் பக்கம் பாயும். ஊறுகாய்க்கு மாங்காயில் உப்புப் போட்டதும் தண்ணீர் விடுகிறதே, அதே விசைதான். அதைத் தடுத்து நிறுத்தவே கடல்நீருக்குச் சுமார் 27 பார் அழுத்தம் வேண்டும். ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். 27 பார் என்றால் 270 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல நான்கு மடங்கு உயரம். இது எந்த மெம்பிரேனின் தரத்தையும் பொறுத்ததில்லை. மரமானாலும் பறவையானாலும் ஆலையானாலும் ஒரு லிட்டர் நன்னீரைப் பிரிக்க இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

கண்டல் மரம் அதை எப்படிக் கொடுக்கிறது? 1960-களில் ஷோலாண்டர் என்ற உடலியல் அறிஞர் ஓர் எளிய கருவியால் அளந்தார். கிளையை வெட்டி, இலைகளை ஓர் இரும்புக் கலனுக்குள் வைத்து, வெட்டுமுனையை மட்டும் வெளியே நீட்டிவிட்டு, உள்ளே வாயு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது. எந்த அழுத்தத்தில் வெட்டுமுனையில் சாறு துளிர்க்கிறதோ, அந்த அளவு இழுவையில் மரம் நீரைப் பிடித்திருந்தது என்று பொருள். கண்டல் மரங்களில் அது 35 முதல் 60 வளிமண்டல அழுத்தம் வரை வந்தது. நம் ஆலையில் பம்பு பின்னாலிருந்து தள்ளுவதை, மரம் மேலிருந்து இழுத்துச் செய்கிறது. இலையில் நீர் ஆவியாக ஆவியாக, குழல் முழுக்க இழுவை பரவி, வேரில் கடல்நீரிலிருந்து நன்னீர் பிரிந்து உள்ளே வருகிறது.

கண்டல்களில் சுரபுன்னை வகை பெரும்பங்கு உப்பை வேரிலேயே நிறுத்திவிடுகிறது. 2016-இல் கொரிய ஆய்வாளர்கள் அந்த இனத்து மரம் ஒன்றில் வேரின் வெளியடுக்கே சோடியத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தடுப்பதாகவும், அங்கிருக்கும் மின்னூட்டம் இதற்குக் காரணம் என்றும் எழுதினார்கள். நெடுநாளாகப் பாடங்களில் சொல்லப்பட்டுவருவது வேரின் உள்ளடுக்குத்தான் காவல் என்று. எந்த அடுக்குக்கு எவ்வளவு பங்கு என்பது முடிந்துபோன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. வெண்கண்டலின் வழி வேறு. அது கொஞ்சம் உப்பை உள்ளே விட்டு, இலையிலிருக்கும் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. மழையில்லாத நாளில் பிச்சாவரம் போனால் ஓர் இலையைப் பறித்து நாக்கில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியாகப் படிந்திருப்பது அசல் உப்பு.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 680 யூனிட் வெப்பம் வேண்டும். அழுத்தம் கொடுத்து மெம்பிரேன் வழியாக நீரைத் தள்ளும் இன்றைய ஆர்.ஓ. ஆலை அதே ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க மொத்தம் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் எடுக்கிறது. பாதி நீரைப் பிரித்தெடுக்கும் ஆலைக்கு இயற்பியல் விதிப்படி வேண்டிய குறைந்தபட்சமே ஏறக்குறைய 1 யூனிட். அதாவது, லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் கண்டல் மரம் நம் ஆலையைவிட 200 மடங்கு ஆற்றலைச் செலவழிக்கிறது. வெயிலின் வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒன்றாக வைத்து எண்ணுவது முழுச்சரி இல்லைதான், மின்சாரம் உயர்ந்த வகை ஆற்றல். இருந்தாலும் மரத்துக்கு இலவசமாகக் கிடைப்பது வெயில், உப்பைப் பிரிக்கும் வேலை அதற்கும் இலவசமில்லை என்பது இதில் தெரிகிறது. அப்புறம், அவ்வளவு பாடுபட்டு எடுத்த நன்னீரை மரம் நம் கையில் தருவதில்லை, வானத்துக்கு அனுப்பிவிடுகிறது. வேர் தடுத்த உப்பு வேரைச் சுற்றியே நிற்கும். அலை வந்து கழுவிக்கொண்டு போகும் இடத்தில்தான் அது கண்டலுக்குச் சரிப்படும். கிணற்றைச் சுற்றிக் கண்டல் நட்டால், நன்னீரைக் குடித்துவிட்டு உப்பை உங்கள் மண்ணில் விட்டுவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கடற்புறாவின் கதை இன்னும் நேரடியானது. அதன் கண்ணுக்கு மேலே இரண்டு உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. கனுட் ஷ்மிட்-நீல்சன் 1950-களின் கடைசியில் ஒரு கடற்புறாவுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு கடல்நீர் கொடுத்துப் பார்த்தார். மூன்று மணி நேரத்தில் உப்பில் 90 சதவீதத்தை மூக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றிவிட்டது. கடல்நீரைவிட அடர்த்தியான உப்புநீரை அந்தச் சுரப்பியால் உருவாக்க முடியும். நம் சிறுநீரகத்தால் முடியாது. அதனால்தான் நாம் கடல்நீர் குடித்தால், குடித்ததைவிடக் கூடுதலான நீரை இழக்கிறோம். சுரப்பியின் செல்களில் உப்பைத் தள்ளும் பம்புகள் ஓட எரிபொருள் வேண்டும். பறவைக்கு அது மீன். கரன்ட் பில்லை அது கடலில் மீனாகப் பிடித்துக் கட்டுகிறது.

இந்த உயிர்களிடமிருந்து பொறியாளர்கள் கற்றுக்கொண்டதில் உண்மையாகவே பெரியது ஒன்று உண்டு. செல்லின் சவ்வில் தண்ணீருக்கென்றே தனி வாசல் இருப்பதை 1992-இல் பீட்டர் ஆக்ரே நிரூபித்தார். அக்வாபோரின் என்று பெயர். அதற்காக 2003-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். ஒரு வாசல் வழியாக நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் வரிசையாகப் போகும், உப்பு அயனி ஒன்றுகூடப் போகாது. நம் சிறுநீரகம் நாளுக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை இரண்டு லிட்டரைத் தவிர மீதியை உடம்புக்கே திருப்பித் தருவதில் இந்த வாசல்களுக்குப் பெரும்பங்கு உண்டு. டென்மார்க்கில் ஒரு நிறுவனம் இந்தப் புரதத்தை மெம்பிரேனுக்குள் பதித்து விற்பனைக்கே கொண்டுவந்தது.

இதைக் கேட்டதும் மின்சாரம் பத்தில் ஒன்றாகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். ஆகாது. வாசலை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் அந்த 27 பார் சுவர் அப்படியே நிற்கிறது. மெம்பிரேன் மூன்று மடங்கு வேகமாக நீரை விட்டால் கடல்நீர் ஆலையில் மின்சாரம் சுமார் 15 சதவீதம்தான் குறையும் என்று 2014-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. உங்கள் கிணறு மாதிரி உவர்நீரில் அந்தச் சுவரே 3 பார் அளவுதான் என்பதால் லாபம் 46 சதவீதம் வரை போகும் என்று அதே கணக்கு சொன்னது. கணக்கு கணினியில் போட்டது. ஆலையில் அப்படியே வருமா என்றால், என் அனுபவத்தில் வராது. ஏனென்றால் ஆலையை நிறுத்துவது பெரும்பாலும் உப்பு இல்லை, அழுக்கு.

ஆயுள் முடிந்த எட்டங்குல மெம்பிரேனை நாங்கள் ரம்பத்தால் அறுத்துப் பாய்போல விரித்துப் பார்ப்போம். புதிதில் வெள்ளையாக, மொடமொடப்பாக இருக்கும். அறுக்கும்போது பழுப்பு நிறத்தில் கஞ்சி ஆடைபோல வழவழவென்று ஒரு படலம் மூடியிருக்கும். நகத்தால் வழித்தால் வந்துவிடும், வாடை இரண்டு நாள் கையைவிட்டுப் போகாது. பாக்டீரியா கட்டிய வீடு அது. மணல் வடிகட்டியில் நமக்குக் காவல் நிற்கிற அதே உயிர்ப்படலம் இங்கே நீர்வழியை அடைக்கிறது. கடலுக்குள் குழாய் போட்டு நேராக நீரெடுக்காமல், கடற்கரை மணலில் கிணறு தோண்டி எடுத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. மணல் முன்கூட்டியே தின்றுவிடுகிறது. இயற்கையிடமிருந்து கடல்நீர் ஆலை கற்கும் பாடங்களில் நான் கையால் தொட்டுப் பார்த்து நம்புவது இதைத்தான். பெரிய ஆலைக்கு வேண்டிய அளவு நீர் எல்லாக் கடற்கரை மணலிலும் கிடைக்காது என்பதும் உண்மை.

மரத்தைப்போல இழுத்து உப்பு பிரிக்கும் செயற்கைக் கண்டலையும் செய்திருக்கிறார்கள். 2008-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வீலரும் ஸ்ட்ரூக்கும் செயற்கை மரம் ஒன்றைச் செய்து, ஜெல் வழியாக நீரை மேலே இழுத்துக் காட்டினார்கள். 2020-இல் யேல் பல்கலைக்கழகத்தில் எலிமெலெக் குழு அதே வழியில் உப்பையும் பிரித்தது. அறிவியலாக அழகான வேலை. கிடைக்கும் நீரின் அளவு மிகச் சிறியது, இன்றைக்கு அது ஆய்வகப் பொருள்தான். நமீபியப் பாலைவன வண்டு முதுகால் பனியிலிருந்து நீர் பிடிப்பதைப் பற்றியும் நிறையப் படித்திருப்பீர்கள். 2001-இல் பிரபலமான மேடுபள்ள முதுகு வண்டு உண்மையில் பனியில் நின்று நீர் பிடிக்கிறதா என்பதில் பின்னர் சந்தேகம் வந்துவிட்டது. நிச்சயமாக அப்படிக் குடிப்பது அதன் உறவான வேறொரு வண்டு, அதன் முதுகு கிட்டத்தட்ட வழவழப்பானது. எப்படியிருந்தாலும் அதற்குக் கடல்மூடுபனி வேண்டும், உங்கள் ஊரில் இல்லை.

வெயிலில் ஆவியாக்கிப் பிடிப்பது பழைய, நம்பகமான வழி. சிலி நாட்டில் லாஸ் சலினாஸ் என்ற இடத்தில் 1872-இலேயே சுமார் 4,700 சதுர மீட்டரில் கண்ணாடிக் கூரை போட்டு நாளுக்கு 20,000 லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டருக்குள். இன்றைக்கும் சாதாரணச் சூரிய வடிப்பான் இரண்டு முதல் ஐந்து லிட்டர்தான் தருகிறது. ஒரு முறை ஆவியான நீர் குளிரும்போது விடும் வெப்பத்தை அடுத்தடுத்த அடுக்குகளில் மறுபடி பயன்படுத்தும் கருவிகளில் பல மடங்கு வந்திருக்கிறது, அவை இன்னும் பரவலாக விலைக்குக் கிடைக்கும் பொருளாகவில்லை. சென்னைக்காகப் பேரூரில் கட்டிவரும் ஆலையின் அளவு நாளுக்கு 40 கோடி லிட்டர். அதைச் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் என்று வெயிலிலேயே எடுப்பதானால் 80 சதுர கிலோமீட்டர் கண்ணாடி வேண்டும். பிச்சாவரக் காடு சுமார் 11 சதுர கிலோமீட்டர். நகரத்துக்கு இத்தனை நீரை இத்தனை குறைந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்பதற்குத்தான் மின்சாரம்.

லட்சத்தீவின் கவரத்தியில் சென்னைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் அமைத்த ஆலையையும் சொல்ல வேண்டும். கடல்மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஆழக்கடலிலிருந்து கொண்டுவரும் குளிர்நீரால் மழையாக்குவது. கடலும் மேகமும் செய்வதை ஒரு கலனுக்குள் செய்கிறது, நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். அங்கே கரையை ஒட்டியே கடல் ஆழமாக இறங்குகிறது. உங்கள் பக்கம் பாக் நீரிணை ஆழமில்லாதது, அந்தக் குளிர்நீர் கிடைக்காது.

இனி உங்கள் கிணறு. கடலோர மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் நீர் மொள்ளும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், இரண்டு மூன்று அடியில், நல்ல தண்ணீர். மணல் உப்பை வடிகட்டுவதாகப் பலர் நம்புகிறார்கள், நானும் ஒரு காலத்தில் நம்பினேன். மணலால் அது முடியாது. அது மழைநீர். உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் மணலுக்குள் அதன் மேலே மிதக்கிறது. நெதர்லாந்தின் கைபென், ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க் இருவரும் தனித்தனியாகக் கண்ட கணக்கு இது: நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கம் கொடுமையானது. மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் 40 அடி ஏறும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறைக்குள்ளும் இதே மாதிரி மழைநீர்தான் மிதந்துகொண்டிருக்கிறது.

ஆம்ஸ்டர்டாம் 1853-இலிருந்து கடலோர மணல்மேட்டு நீரைக் குடித்துவருகிறது. எடுத்து எடுத்து உப்பு ஏறத் தொடங்கியதும், 1957-இலிருந்து ரைன் ஆற்று நீரைக் கொண்டுவந்து மணல்மேடுகளுக்குள்ளேயே இறக்குகிறார்கள். மணல் அதைச் சுத்தமும் செய்கிறது, உப்பையும் கீழே அழுத்திப் பிடிக்கிறது. உங்கள் ஊர் ஊருணியும் கண்மாயும் செய்துகொண்டிருந்த வேலையும் இதுதான். தூர்ந்துபோன ஊருணிக்குப் பக்கத்துக் கிணறுகள் உப்பானதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆர்.ஓ. போடும் எண்ணமிருந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு கிராமத்தில் ஆர்.ஓ. வைத்தவர்கள், பிரித்த உப்பெல்லாம் சேர்ந்து மிஞ்சும் ரிஜெக்ட் தண்ணீரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இருபது அடியில் ஒரு குழி வெட்டி விட்டார்கள். நாங்கள் சொல்லியும் கேட்கவில்லை. மூன்றே வருடத்தில் கிணற்று நீரின் உப்பு இரண்டு மடங்காகி, கடைசியில் மெஷினையே நிறுத்த வேண்டிவந்தது. அந்த ஊர்ப் பெண்கள் மறுபடி குடத்தோடு இரண்டு கிலோமீட்டர் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் மழைநீரைப் பிடிப்பதே முதல் வழி. சூரியன் கடல்நீரை ஏற்கெனவே வடித்து உங்கள் கூரையில் கொண்டுவந்து போடுகிறது. உங்கள் மாவட்டத்தில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டி வரும். 50 சதுர மீட்டர் கூரையில் கழிவு போக 30,000 லிட்டர் பிடிக்கலாம். நாளுக்கு 25 லிட்டர் வீதம் எட்டு மாதக் கோடைக்கு 6,000 லிட்டர் தொட்டி போதும். முதல் மழையை விட்டுவிட்டு, மணல் வழியாக இறக்கி, வெளிச்சம் படாமல் மூடி வையுங்கள்.

கிணற்றை மீட்க முடியுமா என்று இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாது, 3,800 என்ற ஒரே எண்ணை வைத்து எவராலும் முடியாது. குடிநீருக்கு இந்தியத் தரம் 500, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. ஆனால் அந்த மீட்டர் கிருமியையும் காட்டாது, ஃபுளோரைடு எவ்வளவு என்றும் சொல்லாது. ஒன்று செய்யுங்கள். இரவு முழுக்க மோட்டார் போடாமல் விட்டு, காலையில் ஒரு பாட்டிலில் கல் கட்டி, மூடிக்குத் தனிக்கயிறு போட்டுக் கிணற்றில் இறக்குங்கள். மேல்மட்டம், நடு, அடி என்று மூன்று இடத்தில் மூடியைச் சுண்டித் திறந்து நீரெடுத்து மீட்டரில் பாருங்கள். மேலே 1,000, 1,500 என்றும் அடியில் 5,000 என்றும் வந்தால் மழைநீர் இன்னும் மிதக்கிறது, சின்ன மோட்டாரால் மேலாக, மெதுவாக எடுத்தாலே தண்ணீர் மாறும். மூன்றும் ஒரே எண் காட்டினால் வேறு யோசிக்க வேண்டும். அந்த மூன்று எண்களையும், கிணற்றின் ஆழத்தையும், ஊருணி எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள். மேற்கொண்டு பார்ப்போம்.